இடுப்புக்குள் மறையும் பை: வெட்டுத்துணியில் எதைத் தைப்பது, எங்கே மாட்டுவது?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீன் ஏவாரத்துக்குப் போகும் பெண்களுக்கு இடுப்பில் இரண்டு வகைச் சாமான் இருக்கும். ஒன்று, ஏலக்கரையில் கொடுக்க வேண்டிய ரொக்கம். அது கடைசி நிமிஷம் வரை யார் கண்ணிலும் படக் கூடாது. இன்னொன்று சில்லறை, வீட்டுச் சாவி, வெற்றிலை, இப்போது செல்போன். இவை நொடிக்கொரு தரம் கைக்கு வர வேண்டும். பை தைக்கக் கேட்பவர்கள் பெரும்பாலும் "எல்லாம் வைக்கிற மாதிரி ஒண்ணு தைச்சுக் குடு தங்கச்சி" என்றுதான் கேட்பார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நன்றாக மறைகிற பை சட்டென்று கைக்கு வராது. சட்டென்று வருகிற பை மறையாது. எந்தப் பை என்று முடிவு செய்வதற்கு முன்னால், ஒரு நாளில் அதற்குள் எத்தனை தடவை கையை விடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். துணி, ஜிப், அளவெல்லாம் அப்புறம்.

ஆண்களுக்கு இந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. பட்டாபட்டி டிராயரின் ஆழமான பாக்கெட்டில் பணத்தைப் போட்டு மேலே லுங்கியைக் கட்டினால் முடிந்தது. பணம் லுங்கிக்கு உள்ளே, பீடியும் தீப்பெட்டியும் லுங்கி மடியில். மறைக்க வேண்டியதும் எடுக்க வேண்டியதும் தானாகவே பிரிந்துவிட்டன. சந்தை ஏவாரிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட் இன்னொரு வழி. அதில் பணம் இருப்பது ஊருக்கே தெரியும், ஆனால் இறுக்கமாக இருப்பதால் உருவ முடியாது. சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களின் இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டி முழுக்க முழுக்கக் கைக்கு வருவதற்காகவே ஆனது. மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பெண்களில் நைட்டி போடுகிறவர்களுக்குப் பாக்கெட் இருக்கிறது. சுடிதார் தைக்கக் கொடுக்கும்போதே பேண்டில் பக்கவாட்டுப் பாக்கெட் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சேலை கட்டுகிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. அதனால் மீதிப் பேச்சு சேலைக்குத்தான்.

முதலில் சுருக்குப்பை. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு சாண் துணி போதும், கையாலேயே தைத்துவிடலாம், ஒரே இழுப்பில் திறக்கும், மூடும். மீன் செதில் ஒட்டிய கையோடு ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சில்லறைக்கும் சாவிக்கும் வெற்றிலைக்கும் இதை மிஞ்சிய ஒன்று இல்லை. ஆனால் இது இடுப்பில் செருகி வைப்பதுதான், மாட்டி வைப்பது அல்ல. ராமநாதபுரம் போகிற காலைப் பஸ்ஸில் அன்னக்கூடையைத் தூக்கி மேலே வைக்கக் கையை உயர்த்தும்போது இடுப்பு வெளியே தெரியும். பையின் கயிறும் தெரியும். பெரிய பணத்துக்கு இது ஆகாது. அதோடு செல்போன் இதற்குள் போகாது. போனாலும் பை வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது கடையில் விற்கும் பயண பெல்ட் பை. கறுப்பு நைலான், பின்னால் பிளாஸ்டிக் கிளிப், இலாஸ்டிக் பட்டை. பேண்ட் சட்டைக்குள் போட்டால் சரியாகத்தான் இருக்கும். சேலைக்குள் கட்டினால் கிளிப் முதுகில் துருத்தும், இலாஸ்டிக் வேர்வையில் ஊறி அரிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பட்டை படும் இடமெல்லாம் வேர்க்குருதான். வீட்டில் தைத்தாலும் முழு இலாஸ்டிக் பெல்ட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. உப்பும் வேர்வையும் மாறி மாறிப் பட்டால் இலாஸ்டிக் சீக்கிரமே தொய்ந்துவிடும். தொய்ந்த பெல்ட் பை நடக்க நடக்கக் கீழே இறங்கும், அதை நடுத்தெருவில் தூக்கிவிடவும் முடியாது.

மூன்றாவது, உள்பாவாடையிலேயே பாக்கெட் தைத்துக்கொள்வது. பாப்ளின் பாவாடைக்கு பாப்ளின் வெட்டுத்துணி, மூன்று பக்கம் தையல், வேலை சுலபம். மறைவிலும் இதற்குக் குறையில்லை. கொசுவத்துக்குப் பின்னால் வந்தால் யாருக்கும் தெரியாது. சங்கடம் என்னவென்றால், எத்தனை பாவாடை உண்டோ அத்தனை பாக்கெட் தைக்க வேண்டும். ஊற வைத்த வாளிக்குள் பணமும் சேர்ந்து ஊறும். நம் ரூபாய் நோட்டு பருத்தி இழையில் செய்தது என்பதால் ஒரு நனைப்புக்குத் தாங்கும், அதற்காக வாரம் ஒருமுறை துவைக்க முடியாது.

ரவிக்கைக்குள் சின்னப் பாக்கெட் வைப்பதும் உண்டு. 2 நோட்டு, ஒரு ஏடிஎம் கார்டு, அவ்வளவுதான். போனை அங்கே வைக்காதீர்கள், சூடாகும்.

கடைசி வழிதான் என் கட்சி. தனியாக ஒரு தட்டைப் பை தைத்து, அதைப் பாவாடையின் உள்பக்கம் பட்டனில் மாட்டிக்கொள்வது. ஒவ்வொரு பாவாடைக்கும் உள்பக்கம் நாடா ஓடும் பட்டியில் 2 பட்டன் மட்டும் தைத்தால் போதும். பை ஒன்றுதான், பாவாடை மாற்றும்போது அதே பையைக் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். துவைக்கப் போடும்போது கழற்றிவிடலாம். பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் சேலை, கொசுவம், பாவாடை மூன்றையும் தாண்டி யாரும் கை வைக்க முடியாது. உங்கள் கையும் சுலபமாகப் போகாது என்பதும் உண்மைதான். அதனால் இது பெரிய பணத்துக்கு மட்டும். ஏலக்கரைக்குப் போய் ஒரு மறைவில் நின்று ஒருமுறை எடுப்பீர்கள், அவ்வளவுதான். சில்லறைக்கு மேலே அதே பழைய சுருக்குப்பை இருக்கட்டும். ஒரு பைக்கு இரண்டு பை ஆகிறதே என்று தோன்றலாம். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் துணி ஒரு ரவிக்கை வெட்டில் மிஞ்சுவதுதான்.

போனுக்கு என்ன செய்வது? ஜிபே வந்த பிறகு போனும் பணப்பைதான். ஆனால் அது சுருக்குப்பைக் கூட்டம், மறைபைக் கூட்டம் இல்லை. மணி அடித்தால் எடுக்க வேண்டும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். பெரிய போன் ஏறக்குறைய 6½ அங்குல நீளம், 3 அங்குல அகலம். அதற்கு உள் அகலம் 4 அங்குலம் வரும்படி நெட்டையாக ஒரு உறை தைத்து, நீளமான நாடாவில் குறுக்கே தோளில் மாட்டி முந்தானைக்குள் விட்டுக்கொள்வதுதான் நல்லது. அதையும் இடுப்புக்குள் திணிக்கப் பார்த்தால் குனியும்போது வயிற்றைக் குத்தும். மீன் வெட்ட உட்காருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, துணிக்கு வருவோம். தையல் கடையில் கேட்டால் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி கிடைக்கும், வீட்டிலும் பழைய ஜீன்ஸ், லுங்கி, கிழிந்த குடை, பிளக்ஸ் பேனர் என்று குறைவில்லை. பலரும் முதலில் கை வைப்பது ஜீன்ஸில். கெட்டி என்பதால் அப்படி ஒரு நம்பிக்கை. கெட்டிதான், ஆனால் தோலை ஒட்டிக் கிடக்கும் பைக்கு அந்தக் கெட்டி தேவையே இல்லை. வேர்வையில் நனைந்தால் அடுத்த நாள் வரை காயாது. சாயம் இறங்கி வெளிர் நிறப் பாவாடையை நீலமாக்கும். மடிப்பு சேரும் மூலையில் 4 அடுக்கு வந்து ஊசியை ஒடிக்கும். தோளில் மாட்டும் போன் உறைக்கு ஜீன்ஸ் பொருத்தம், இடுப்புக்குள் வேண்டாம். பிளக்ஸ் பேனர் தண்ணீரை விடாது, சரிதான். ஆனால் மடித்த இடத்தில் விறைக்கும், உட்கார்ந்தால் சத்தம் போடும், வெட்டிய விளிம்பு தோலைக் கீறும். அதைக் கூடைக்கு மூடியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடைத்துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பி ஒடிந்த குடை எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு குடையில் 8 முக்கோணத் துண்டு. ஒரு துண்டிலேயே ஒரு பைக்கு வேண்டிய துணி கிடைத்துவிடும். மெல்லியது, இலேசானது, வேர்வையை உள்ளே விடாது, உதறினால் காய்ந்துவிடும். இத்தனை நல்லது இருப்பதால் பை முழுவதையும் அதிலேயே தைத்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். வெளி ஈரத்தை உள்ளே விடாத துணி, உள் ஈரத்தையும் வெளியே விடாது. மீன் கையோடு எண்ணிய நோட்டு ஏற்கெனவே நனைந்துதான் உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் குடைத்துணி என்றால் அந்த ஈரம் அங்கேயே புழுங்கும், சாயங்காலம் பையைத் திறந்தால் வாடை வரும். தோல் பக்கம் மட்டும் குடைத்துணி, மறுபக்கம் காற்றுப் போகும் பாப்ளின் என்று வைத்தால்தான் சரிவரும். குடைத்துணி நேரே தோலில் படாமல், அதற்கு மேல் பழைய லுங்கித் துண்டு ஒன்று. ஆக மூன்று துணி: தோலில் படுவது லுங்கி, அதற்கு உள்ளே குடை, வெளிப்பக்கம் பாப்ளின் அல்லது ரூபியா என்கிற ரவிக்கைத் துணி.

குடைத்துணியில் ஊசி போன துளை மூடாது. அதனால் குண்டூசி குத்தாமல், துணி காயப்போடும் கிளிப்பால் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். தையலையும் நெருக்கமாகப் போடக் கூடாது. நெருங்கிய துளை வரிசை தபால்தலை விளிம்பைப் போலக் கிழிந்து வரும். அங்குலத்துக்கு 8 தையல் போதும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் உப்பிலும் வேர்வையிலும் முதலில் இற்றுப்போகும்; துணி நன்றாக இருக்கும்போதே தையல் பிரியும்.

அளவு. 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். ஏறக்குறைய 6 அங்குலத்துக்கு 2½ அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். 100, 200 நோட்டுகள் நீளத்தில் இன்னும் கொஞ்சம் குட்டை. நோட்டை மடித்து வைக்கிற சின்னப் பைதான் நன்றாக மறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். மடித்தால் தடிப்பு இரட்டிக்கும், தடிப்புதான் வெளியே காட்டிக் கொடுக்கும். விரித்து வைத்த கட்டு இடுப்பின் வளைவோடு படிந்து கிடக்கும். எனவே உள் அளவு 7 அங்குலம் நீளம், 3½ அங்குலம் உயரம். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு 8-க்கு 4½ வெட்ட வேண்டும். முன்பக்க பாப்ளினை மட்டும் 8-க்கு 5 வெட்டி, மேலிருந்து 1½ அங்குலத்தில் குறுக்கே இரண்டாக்கி, நடுவே ஜிப் வையுங்கள். ஜிப் மேல் விளிம்பில் வந்தால் பையின் கனம் முழுவதும் ஜிப்பில் தொங்கும். கொஞ்சம் கீழே இறக்கினால் அதற்கு வேலை மூடுவது மட்டுமே. முன்துண்டு மிஞ்சினால் பின்துண்டு அளவுக்குச் சீவிக்கொள்ளலாம். ஜிப் மூடும்போது ரன்னர் தொப்புள் பக்கம் வந்து நிற்கிற மாதிரி வையுங்கள். சேலைக்கு மேலிருந்தே ஒரு விரலால் தடவி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

வாயை எதனால் மூடுவது என்பதற்கும் ஆளுக்கொரு கட்சி உண்டு. வெல்க்ரோ வேண்டாம். திறக்கும்போது போடும் சத்தம் பக்கத்து சீட் வரை கேட்கும், சேலை நூலைப் பிடித்து இழுக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளப்பும் மணல் அதன் முள்ளில் அடைந்தால் பிறகு ஒட்டவே ஒட்டாது. டிச் பட்டன் சத்தம் குறைவு, ஆனால் இரண்டு பட்டனுக்கு நடுவே ஒற்றை நோட்டு நழுவும். ஊக்கு துருப்பிடித்துக் கறை விடும். உப்பில் பித்தளை ஜிப் பச்சை பூத்தும், இரும்பு ஜிப் துருப்பிடித்தும் இறுகும். மிஞ்சுவது நைலான் ஜிப். அதிலும் ரன்னர் உலோகம்தான், அதனால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் பல்வரிசையில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டால் ஓடும்.

மாட்டுவதற்குக் காது வேண்டும். இதற்குப் புதிதாக எதுவும் தைக்க வேண்டியதில்லை. கழித்துப் போட்ட முழுக்கைச் சட்டையின் இரண்டு கஃப் (மணிக்கட்டுப் பட்டி) போதும். உள்ளே கேன்வாஸ் வைத்து ஏற்கெனவே விறைப்பாக இருக்கிறது, பட்டன் நுழையும் காஜாவும் எடுத்திருக்கிறது. அதைவிட முக்கியம், கஃப்பில் காஜா நீளவாக்கில்தான் இருக்கும். கையை மடக்கும்போது வரும் இழுப்பைத் தாங்குவதற்காக அப்படி. பையைத் தொங்கவிடும்போதும் இழுப்பு அதே வாக்கில்தான் வருகிறது, காஜா வாயைப் பிளக்காது. காஜா உள்ள நுனியிலிருந்து 3 அங்குலம் வெட்டி, ஒரு அங்குலம் பையின் பின்துண்டுக்குள் போகிற மாதிரி வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓட்டுங்கள். இந்த இடத்தில் மட்டும் 16-ஆம் நம்பர் ஊசி, மற்ற இடத்துக்கு வழக்கமான 14 போதும். அதே சட்டையின் பட்டன்தான் பாவாடைக்கு. பட்டனை நாடா ஓடும் பட்டியின் உள்துணியில் மட்டும் தையுங்கள். நாடாவையும் சேர்த்துக் குத்திவிட்டால் பாவாடையை இறுக்கவே முடியாது.

வலது இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் மாட்டுவது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். நேர் முன்னால் வந்தால் கொசுவத்தின் தடிப்போடு சேர்ந்து வயிறு தூக்கலாகத் தெரியும். நேர் பக்கவாட்டில் வந்தால் பஸ் சீட்டில் இடிக்கும். கூடையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறவர்கள் எந்தப் பக்கம் வைப்பார்களோ அதற்கு மறுபக்கம். பழைய நோட்டுகளை அடுக்கிப் போட்டு, சேலை கட்டி, ஒருமுறை தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகு பட்டனைத் தைப்பது நல்லது.

நாடா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பையின் கனம் ஏறினால் பாவாடை இறங்கும் என்று பயந்து நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். மெல்லிய கயிற்று நாடா ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் அழுத்தித் தோல் கறுத்துப் புண்ணாவதும், மிக அரிதாக அந்த ஆறாத புண் தோல் புற்றுநோய் வரை போவதும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் சங்கதி. 2024-இல் கூட இந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். கயிற்றை எடுத்துவிட்டு, பாப்ளின் துண்டை மடித்து ஒரு அங்குல அகலத்தில் பட்டை நாடா தைத்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். இறுக்காமலே நிற்கும். நாணயத்தை இந்தப் பையில் போடவே வேண்டாம். கனம் ஏறுவது அதனால்தான்.

கடல் தண்ணீரில் அலசிக் காயப்போடும் பழக்கம் கரையோரத்தில் சிலருக்கு உண்டு. இந்தப் பைக்கு அது ஆகாது. துணியில் காய்ந்து ஒட்டும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கசிய ஆரம்பிக்கும், கடல் உப்பு அதற்கு முன்பே. ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை வெயில் காட்டினாலும் பை நசநசவென்றே இருப்பதற்கு அதுதான் காரணம். குடிதண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்தான், என்றாலும் இதற்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் போதும்.

பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் கேட்டால், மரிக்கொழுந்துப் பாசிக்குப் போகும்போது பணத்தையும் போனையும் எந்தத் துணிப் பையிலும் எடுத்துப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். தையல் துளை உள்ள எதிலும் தண்ணீர் புகும். வீட்டுச் சாவிக்கு வேண்டுமானால் ஜிப் இல்லாத, அடியில் தண்ணீர் வடிய ஒரு காஜா எடுத்த சின்னப் பை போதும். சட்டைக்கு உள்ளே ஒரு பட்டனில் மாட்டிக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வரும் சொந்தக்காரர்களுக்கும் இதே அளவில் ஒன்று தைத்துக் கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் மாற்றி. அக்னி தீர்த்தத்தில் முங்கி, உடுத்திய துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொள்பவர்களுக்குக் குடைத்துணி வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். முழுவதும் ரூபியாவில் தைத்து, பணத்தை ஜிப்லாக் கவரில் காற்றை அமுக்கி வெளியேற்றிப் போட்டு, கவரைப் பைக்குள் வைக்க வேண்டும். கவர் சரசரக்கும், ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தத்திலும் கூட்டத்திலும் அது யாருக்குக் கேட்கப் போகிறது. அவர்களில் சேலை கட்டாதவர்களுக்கு, சுடிதார் பேண்டின் நாடாப் பட்டியில் அதே 2 பட்டன் தைத்தால் போதும், பை மாறாது.